நீளச் செயினுக்கு ஒட்டு வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கோவளம் தாண்டி ஈசிஆர் ஓரமாக நின்று பார்த்தால், சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாகப் போவது தெரியும். சென்னையிலிருந்து இருட்டோடு கிளம்பி, மாமல்லபுரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புகிறவர்கள். எப்போதாவது அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு விசித்திர வண்டி வரும். ஓட்டுகிறவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படிப்பவர்போல முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலை முன்னால் நீட்டி மிதித்துக்கொண்டு போவார். டீக்கடை பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்க்கும். "படுத்துக்கிட்டே ஓட்டுறாருப்பா" என்று யாராவது ஒருவர் சொல்லியே தீருவார்.

சைக்கிள் கடை வைத்திருப்பவர் அங்கே நின்றிருந்தால் அவர் கண் சீட்டுக்குப் போகாது, செயினுக்குப் போகும். காலுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் முன்னாலிருந்து கிளம்பி, சீட்டுக்கு அடியில் சின்னச் சின்ன உருளைகள் மேல் ஏறி இறங்கி, பின்சக்கரம் வரை ஓடும் செயின் அது. சாதாரண சைக்கிள் செயின் பெட்டியில் 114 அல்லது 116 கண்ணி இருக்கும். நீட்டிப் பிடித்தால் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சாய்வு சைக்கிளுக்கு அப்படி இரண்டரை பெட்டி, சில மாடல்களுக்கு மூன்று பெட்டி வேண்டும். கடையில் போய் "சாய்வு சைக்கிள் செயின் ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கிடைக்காது. அப்படி ஒரு பொருளே இல்லை. செயினை வாங்க முடியாது, சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு வண்டிக்குச் செயின் எப்படி மாட்டினால் ஊருக்கென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நீளச் செயின் அந்த வண்டிக்கு மட்டும் சொந்தமில்லை. செங்கல்பட்டு பஸ் நிலையத்துப் பக்கம் தண்ணீர் கேன் ஏற்றிப் போகும் மூன்று சக்கர மிதிவண்டியிலும் அதே நீளச் செயின்தான் ஓடுகிறது. கையால் சுற்றி ஓட்டும் மாற்றுத்திறனாளியின் வண்டியிலும் அதுதான். சாய்வு சைக்கிள்காரர் இணையத்தில் தேடி, சக ஓட்டிகளிடம் கேட்டு, அளந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயங்கள் இந்த இருவருக்கும்தான் அதிகம் தேவை.

சாய்வு சைக்கிளின் பூர்வகதை சுவாரசியமானது. 1933 ஜூலை 7 அன்று பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்ற, பெரிய பெயரெடுக்காத பந்தய வீரர், ஷார்ல் மோஷே வடிவமைத்த சாய்வு வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914 முதல் ஆஸ்கர் எக் கையில் இருந்த 44.247 கிலோமீட்டர் சாதனை அத்தோடு போனது. உலக சைக்கிள் சங்கம் என்ன செய்தது? அடுத்த ஆண்டே சைக்கிள் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று விதி எழுதி, சாய்வு வண்டியைப் பந்தயத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டது. ஜெயித்தவனை விட்டுவிட்டு வண்டியைத் தண்டித்த கதை. பந்தயம் இல்லாததால் பெரிய கம்பெனிகள் அந்தப் பக்கம் வரவில்லை. அதற்கென்று தனிச் செயின், தனி உதிரிபாகம் என்று எதுவும் வளரவில்லை. நெடுந்தூரம் ஓட்டும் ராண்டனரிங் உலகம் மட்டும் அதை ஒதுக்கவில்லை. 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று நேரக்கெடு வைத்து ஓட்டும் அந்தச் சவாரிகளில் சாய்வு சைக்கிளுக்கும் இடம் உண்டு. அதே ராண்டனரிங்கைத்தான் சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் நடத்துகிறது.

நம் தெருவுக்கு நீளச் செயின் வந்த கதை வேறு. கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுக்கத் தமிழக அரசு 1973-இல் முடிவெடுத்தது. மனிதன் மாடு மாதிரி இழுப்பது நின்று, மிதிப்பது வந்தது. ஓட்டுகிறவர் முன்னால், சவாரி பின்னால், அச்சு அதற்கும் கீழே. பெடலிலிருந்து அந்த அச்சு வரை ஒரு சைக்கிள் செயின் எட்டாது. இரண்டு செயினைச் சேர்த்துப் பூட்டும் கைப்பழக்கம் நம் மெக்கானிக்குகளுக்கு அந்தக் காலத்திலிருந்தே உண்டு. அந்தத் திறமையில் குறை சொல்ல எதுவுமில்லை. எதை எதோடு சேர்க்கிறார்கள் என்பதில்தான் பிசகு.

செயின் 'நீண்டுபோச்சு' என்கிறோம். இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதாக நினைப்பு. உண்மையில் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின்னும் அதைச் சுற்றியிருக்கும் உட்குழலும் உரசி உரசித் தேய்கின்றன. ஒரு கண்ணியில் தேய்வது முடியளவுகூட இருக்காது. ஆனால் நூறு கண்ணி வரிசையில் நிற்கும்போது நூறு முடியும் சேர்ந்துகொள்கிறது. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருளைச் செயினை உருவாக்கியதிலிருந்து அடிப்படை மாறவில்லை. இன்றைக்குத் தெருவில் ஓடும் சைக்கிள் செயின் எதுவானாலும், ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். பஞ்சாயத்துப் பள்ளிப் பையனின் சைக்கிளானாலும் லட்ச ரூபாய் பந்தய வண்டியானாலும் இந்த ஒரு அளவு பொது.

இந்த அரை அங்குலம்தான் ஏழைக்கும் கைகொடுக்கும் அளவுகோல். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று போதும். செயினை இறுக்கமாக இழுத்து, ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைக்க வேண்டும். புதுச் செயினானால் இருபத்து நான்காவது கண்ணியின் பின் சரியாக 12 அங்குலக் கோட்டில் உட்காரும். கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் செயின் மட்டுமல்ல, ஃப்ரீவீல் பல்லும் பெரும்பாலும் போயிருக்கும். பல்லின் ஒரு பக்கம் சரிந்து அலை மாதிரி வளைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். நீளச் செயினில் இந்தச் சோதனையை ஒரு இடத்தில் செய்தால் போதாது. மூன்று நான்கு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அது ஒரே செயின் அல்ல, பல செயின்களின் கூட்டுக் குடும்பம். ஒருவர் தளர்ந்திருப்பார், இன்னொருவர் நேற்று வந்தவராக இருப்பார்.

நீளத்தால் ஒரு லாபமும் உண்டு. மூன்று மடங்கு நீளமான செயினில் ஒவ்வொரு கண்ணியும் ஃப்ரீவீல் பல்லில் ஏறி இறங்கும் முறை மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. தேய்மானம் பங்கு போட்டுக்கொள்ளப்படுகிறது. நடுவில் உள்ள உருளைகளில் மடங்கி நிமிர்வதால் அந்த லாபத்தில் கொஞ்சம் கழியும், ஆனாலும் பெரும்பகுதி மிஞ்சும். அதனால் 'இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை' என்று யாராவது கணக்குச் சொன்னால் நீளச் செயின்காரர் காதில் வாங்க வேண்டியதில்லை. ஸ்கேல் சொல்வதைக் கேட்டால் போதும்.

மாற்றும்போது பெரும்பாலோர் செய்யும் முதல் தப்பு, பழைய செயினைப் புதியதன் பக்கத்தில் போட்டு அதே நீளத்துக்கு வெட்டுவது. தையற்காரர் பழைய சட்டையை வைத்து அளவெடுப்பதைப் போல. சட்டைக்குச் சரி, செயினுக்கு ஆகாது. 270 கண்ணி உள்ள செயின் புதிதில் 3 மீட்டர் 43 சென்டிமீட்டர். நூற்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அதன் நீளம் மூன்றரை சென்டிமீட்டர் கூடியிருக்கும். அதாவது கிட்டத்தட்ட மூன்று கண்ணி. பழையதைப் பார்த்து வெட்டினால் புதுச் செயின் மாட்டும்போதே அந்த அளவுக்குத் தொங்கும். கண்ணியை எண்ண வேண்டும். முந்நூறு கண்ணியை எண்ணுவது சள்ளை பிடித்த வேலைதான். பத்துப் பத்தாகச் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் ஐந்து நிமிடம். கண்ணி ஒன்று விட்டு ஒன்று உள்தகடு, வெளித்தகடு என்று மாறி மாறி வருவதால் மொத்த எண்ணிக்கை இரட்டைப்படையாக முடிய வேண்டும். ஒற்றைப்படையில் நின்றால் இரண்டு முனையும் சேராது.

அகலம் இன்னொரு பொறி. கியர் இல்லாத சாதா சைக்கிள் செயினின் உள்அகலம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கியர் சைக்கிளுடையது அதைவிட மெல்லியது. ஆறு, ஏழு, எட்டு கியர் வண்டிகளுக்கு ஒரே வகை ஓடிவிடும். ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஏற ஏறச் செயின் ஒல்லியாகிக்கொண்டே போகும். பதினொரு கியர் செயினின் வெளிஅகலம் ஐந்தரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஒன்பது கியர் செயினோடு எட்டு கியர் செயின் துண்டைச் சேர்த்தால், கையால் சுற்றிப் பார்க்கும்போது ஓடுகிற மாதிரிதான் தெரியும். ஏற்றத்தில் பல் மாற்றும்போது அந்த இடத்தில் சிக்கும். மெல்லிய செயின்களில் ஒருமுறை தள்ளி எடுத்த பின்னை மறுபடி அடித்து உட்காரவைக்கக் கூடாது. அதற்கென்று வரும் இணைப்புக் கண்ணியைத்தான் போட வேண்டும். மூன்று செயின் சேர்ந்தால் மூன்று இணைப்பு. நெடுந்தூரம் போகிறவர் பையில் நான்காவதாக ஒன்று இருப்பது நல்லது.

இனி விஷயத்தின் அடிமடிக்கு வரலாம்.

மூன்று சக்கர வண்டியின் செயின் அறுந்துவிட்டது. கடைக்காரர் கடை ஓரத்து டப்பாவில் கை விடுகிறார். யார் வண்டியிலிருந்தோ கழற்றிப் போட்ட செயின் துண்டுகள் அதில் கிடக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு துண்டை எடுத்து, அறுந்த இடத்தில் வைத்து, லாக் போட்டு, இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டி, "போங்கண்ணே, ஓடும்" என்கிறார். ஓடும்தான். வாங்குகிற காசும் அதிகமில்லை. அவர் மனசில் கபடமும் இல்லை. அன்றைய பிழைப்பு கெடாமல் அனுப்பிவைத்த திருப்தி இருக்கும்.

ஆனால் வண்டியில் இப்போது இரண்டு அளவுச் செயின். தேய்ந்த பகுதியில் பின்னுக்குப் பின் 12.8-ஐத் தாண்டியிருக்கும்; சேர்த்த துண்டு வேறு தேய்மானத்தில் வேறு அளவில் இருக்கும். ஃப்ரீவீல் பல்லோ பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்து அதன் அளவுக்குப் பழகியது. ஒட்டுத் துண்டு வரும்போதெல்லாம் கண்ணி பல்லின் அடியில் உட்காராமல் தோளில் ஏறும், 'கடக்' என்று ஒரு சத்தம் வரும். சமதரையில் சத்தத்தோடு போய்விடும். மேம்பாலத்து ஏற்றத்தில், முழு பலத்தையும் போட்டு மிதிக்கும் நேரத்தில், செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கும். மிதிப்பவருக்குக் கால் வழுக்கும். கையால் சுற்றுகிறவருக்கு? கைப்பிடி திடீரென்று இளகி, உடம்பின் எடை மொத்தமும் முன்னால் சாயும். பின்னால் லாரி நிற்கும்.

நீளச் செயினை மாற்றினால் முழுசாக மாற்ற வேண்டும், ஒரே கம்பெனியின் ஒரே ரகத்தை ஒரே நாளில் வாங்கி மாட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். சாய்வு சைக்கிள்காரர்கள் இதில் கறாராக இருக்கிறார்கள். மூன்று பெட்டியையும் ஒன்றாகவே வாங்குகிறார்கள், வெட்டியபின் மிஞ்சும் துண்டை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். வழியில் செயின் புதிதாக இருக்கும்போதே ஒரு கண்ணி நசுங்கினால் அந்தத் துண்டு உதவும். பழைய செயினுக்குப் புதுத் துண்டும், புதுச் செயினுக்குப் பழைய துண்டும் அவர்களிடம் செல்லாது.

கடற்கரைக்கு வந்தால் இன்னொரு எதிரி காத்திருக்கிறான். மழைக்காலத்தில் அடுக்களைக் கல்லுப்பு ஜாடி தானாகக் கசிவதைப் பார்க்காத வீடு இல்லை. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசைக்காரன். மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே நனைந்துவிடும். அலை உடைந்து தெறிக்கும் திவலை காற்றில் வந்து செயின்மேல் படிகிறது. பகலில் காய்ந்ததுபோல் தெரியும். ராத்திரி ஈரத்தில் மறுபடி உப்புநீராகும். மழையே பெய்யாத மாசி மாதத்திலும், கொட்டகைக்குள் நிறுத்திய வண்டியின் செயின் தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் துருப்பிடிப்பது இப்படித்தான்.

உப்பின் கை நீளமில்லை என்பது ஒரு ஆறுதல். பெரும்பகுதித் துகள்கள் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இறங்கிவிடுகின்றன. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரே நாளில் வாங்கிய இரண்டு சைக்கிளில் ஒன்றைக் கொளவாய் ஏரிக்கரையிலும் மற்றொன்றைக் கடற்கரைக் கோவில் பக்கத்திலும் நிறுத்தி வைத்தால், ஆண்டு முடிவில் இரண்டின் செயினும் உறவென்று சொல்ல முடியாது. இது அனுபவத்தோடு நிற்கும் பேச்சும் அல்ல. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் வைத்து அரிமானத்தை அளக்கும் நிலையமே வைத்திருக்கிறது. நாட்டின் அரிமான வரைபடத்தையும் போட்டிருக்கிறது. பாலத்துக்கும் கப்பலுக்கும் அதைப் பார்ப்பவர்கள், சைக்கிள் செயினுக்கும் ஒருமுறை பார்க்கலாம்.

கரையோரத்து வண்டிக்கு எந்தச் செயின்? பூச்சு இல்லாத கறுப்புச் செயின் வேண்டவே வேண்டாம். நிக்கல் பூச்சுள்ள வெள்ளிநிறச் செயின் கொஞ்சம் தாங்கும்; ஆனால் தகட்டுக்கு மேல் பூச்சிருந்தாலும் பின்னும் உட்குழலும் உரசும் இடத்தில் அது சீக்கிரம் போய்விடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தைவானின் கேஎம்சி துருத்தடுப்புப் பூச்சோடு தனி வரிசையே போடுகிறது. ஜெர்மனியின் கனெக்ஸ் துருப்பிடிக்காத எஃகிலேயே செயின் செய்கிறது, விலையும் அதற்கேற்றபடி. மூன்று பெட்டி வாங்க வேண்டிய சாய்வு சைக்கிள்காரருக்கு அது மும்மடங்குச் சுமை. பணம் இருப்பவர் வாங்கட்டும். மற்றவர்களுக்கு நிக்கல் பூச்சுச் செயினும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவைத்துப் போடும் நாலு சொட்டு எண்ணெயும் போதும். எண்ணெய் என்றால் மோட்டார் பைக் ஒர்க்‌ஷாப்பில் வடித்தெடுத்த கறுப்பு ஆயில் அல்ல. அது ஓசியில் கிடைக்கிறது என்பதே அதன் ஒரே குணம். இரும்புப் பொடியும் கரியும் கலந்த அந்த ஆயிலில் கடற்கரை மணலும் சேர்ந்தால், உப்புத்தாளை அரைத்துப் பூசியதற்குச் சமம். தேங்காயெண்ணெயும் ஆகாது.

சாய்வு சைக்கிளில் செயின் சட்டையில் படாமல் இருக்க, சில இடங்களில் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடவிடுவார்கள். புழுதி படாது என்று நம்பிக்கை. மணல் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை என்பதுதான் கரையோர நடைமுறை. செயின் மாற்றும்போது குழாயைக் கழற்றி உள்ளே துணி விட்டு இழுக்காவிட்டால் புதுச் செயின் முதல் நாளே பழசாகும்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் செயின் தொழிலுக்கு வேர் விட்ட மண்களில் இதுவும் ஒன்று. 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியபோது, அம்பத்தூர் இருந்தது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில். அதே குழுமத்தின் டிஐ டைமண்ட் செயின் பின்னால் வந்தது. கோவையில் எல்.ஜி.பாலகிருஷ்ணன் நிறுவனம் 'ரோலான்' செயினைச் செய்கிறது. 1997-இல் மாவட்டம் பிரிந்து அம்பத்தூர் திருவள்ளூரோடு போனது; 2019 நவம்பரில் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானது. கோடு மாறினாலும் அம்பத்தூரிலிருந்து மாமல்லபுரத்துக்கு லாரி வர இரண்டு மூன்று மணி நேரம்தான்.

அப்படியிருக்க, மூன்று சக்கர வண்டிக்காரர் ஏன் துண்டு டப்பாவுக்குப் போகிறார்? கடையில் செயின் பெட்டிக் கணக்கில்தான் விற்கிறது என்பதால். ஒன்றே முக்கால் செயின் தேவைப்படுகிறவர் இரண்டு பெட்டி வாங்க வேண்டும். மிச்சத்துக்கு அவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்? துணிக்கடையில் மீட்டர் கணக்கு, ஒயர் கடையில் மீட்டர் கணக்கு, கயிற்றுக்கடையிலும் மீட்டர் கணக்குதான். செயின் மட்டும் பெட்டிக்குள். ஒர்க்‌ஷாப்புகளுக்கென்று 50 மீட்டர் சுருளாகச் செயின் விற்கும் வழக்கம் வெளிநாட்டில் உண்டு. சாதா அகலத்தில் நிக்கல் பூச்சோடு அப்படி ஒரு சுருள் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் கடைகளில் தொங்கினால், எத்தனை கண்ணி வேண்டுமோ அத்தனையை எண்ணி வெட்டிக் கொடுக்கலாம். ஒரே சுருளிலிருந்து வருவதால் எல்லாம் ஒரே அளவு. மூன்று இணைப்பும் தேவையில்லை, ஒன்றே போதும். சாய்வு சைக்கிள்காரரும் அதே கடை வாசலில் வந்து நிற்பார், கியர் செயினுக்கும் ஒரு சுருள் வைத்திருந்தால்.

கைவண்டியின் கதைதான் அவசரமானது. மாற்றுத்திறனாளிகளுக்கான உபகரணங்களைச் செய்யும் மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ 1972-இல் கான்பூரில் தொடங்கப்பட்டு 1976-இல் உற்பத்தியைத் தொடங்கியது. உபகரணங்களை வழங்கும் ஏடிஐபி திட்டம் 1981 முதல் நடக்கிறது. பேட்டரி வண்டிகள் வந்துவிட்டன, தமிழக அரசு இணைப்புச் சக்கர ஸ்கூட்டரும் கொடுக்கிறது. ஆனாலும் கையால் சுற்றும் வண்டி ஒழிந்துவிடவில்லை. மார்பு உயரத்தில் கைப்பெடல். அங்கிருந்து சக்கர அச்சு வரை இறங்கும் செயின். பெரும்பாலான மாடல்களில் சாதா சைக்கிள் செயின் அதற்கு எட்டாது. முகத்துக்கு முன்னாலேயே ஓடுவதால் எண்ணெய்ப் பிசுக்கு சட்டையில்தான் படியும் என்று பலர் எண்ணெயே போடுவதில்லை. உப்புக்காற்றில் எண்ணெய் இல்லாத செயின் எத்தனை மாதம் உழைக்கும்?

ஏடிஐபி விதிப்படி பெரியவர் ஒருவர் ஒரே தேவைக்கு மறுபடி உதவி பெற மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். வண்டிக்கு அது பொருந்தும். செயினுக்கும் அதே கணக்கா? சட்டம் மூன்றாண்டு என்கிறது, கடல் அதை ஒத்துக்கொள்வதில்லை. நடுவில் அறுந்தால் டப்பாத் துண்டுதான். ஞாயிறு சவாரிக்காரரின் செயின் வழியில் அறுந்தால் அவர் காரை வரச் சொல்வார். சதுரங்கப்பட்டினத்தில் கைவண்டிக்காரரின் செயின் அறுந்தால் அவர் இறங்கித் தள்ளவும் முடியாது.

பள்ளிச் சைக்கிளுக்கும் இதில் பங்குண்டு. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விரிந்தது. நல்ல திட்டம், எத்தனையோ பெண்பிள்ளைகளை மேல்நிலை வகுப்பு வரை கொண்டுசேர்த்த திட்டம். அந்த வண்டியின் செயினைப் பள்ளி ஸ்கேலால் அளக்கப் பதினோராம் வகுப்பு இயற்பியல் வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கினால், பாடமும் ஆயிற்று, ஃப்ரீவீலும் பிழைத்தது.

செலவாகுமே என்பார்கள். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் செயின் மிகச் சின்னத் தொகை. காலத்தில் மாற்றாவிட்டால் அதன் பின்னாலேயே ஃப்ரீவீலும் செயின்வீலும் போகும். வண்டி கொடுக்க மேடை உண்டு, மாலை உண்டு, போட்டோ உண்டு. செயின் கொடுக்க யாரும் மேடை போட மாட்டார்கள். அதனால்தான் அது பட்ஜெட்டில் எங்கும் உட்காருவதில்லையோ என்னவோ. முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் 2021 ஜூலையில் ஈசிஆரில் சைக்கிள் ஓட்டிய படங்கள் எல்லாப் பேப்பரிலும் வந்தன. அந்தச் சாலையின் காற்று எப்படிப்பட்டதென்று அரசுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

செங்கல்பட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் முதல் அடியை எடுத்து வைக்கலாம். கரையோரப் பயனாளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, வண்டிக்குத் தேவையான முழு நீளத்தில், ஒரே சுருளிலிருந்து வெட்டிய நிக்கல் பூச்சுச் செயின் ஒன்று. அதை மாட்டிக் கொடுக்க உள்ளூர் சைக்கிள் கடைக்குக் கூலி. கழற்றிய பழைய செயினை மட்டும் கடையில் விட்டு வராமல் அலுவலகமே எடுத்துப்போய்ப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அது நேராக அந்த டப்பாவுக்குத்தான் போகும்.